வீட்டருகே தெரியாத எறும்பா? இடுப்பிலிருந்து தொடங்குங்கள்

எறும்பைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது நிறத்தைத்தான். கறுப்பு என்றால் சாமி எறும்பு, பிள்ளையார் எறும்பு, கடிக்காது. சிவப்பு என்றால் கடிக்கும், நசுக்கலாம். தமிழ்நாட்டில் வளர்ந்த குழந்தைக்கு இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம் சொல்லித் தர வேண்டியதில்லை. சர்க்கரை டப்பா வரைக்கும் இது ஓரளவு செல்லுபடியாகும். வாசல் தாண்டித் தோட்டத்தில் கால் வைத்தால் போதும், பாடம் பொய்த்துவிடும். மாமரத்தடியில் ஒற்றையாகத் திரியும் டையகாமா என்ற எறும்பு நல்ல கறுப்பு. அதைக் கையில் எடுத்தால் கொடுக்கால் குத்தும், வலியும் லேசில் விடாது. மறுபுறம், சமையல் மேடையில் ஓடும் வெளிர்மஞ்சள் பொடி எறும்புகளில் பல நம் தோலைத் துளைக்கவே முடியாதவை.

ஆகவே நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இதுவரை பதிவாகியுள்ள எறும்பினங்கள் 800க்கும் மேல். உலக அளவில் 14,000ஐத் தாண்டும். இந்த எண்களைக் கண்டு மலைக்கத் தேவையில்லை. நம் சமவெளி ஊர்களில் வீடு, வாசல், கொல்லைக்குள் கண்ணில் படுபவை பெரும்பாலும் இருபது இருபத்தைந்து பேரினங்களுக்குள், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுப்புகளுக்குள், அடங்கிவிடும். ஒழுங்காகப் பார்த்தால் பேரினம் வரை யாராலும் போக முடியும்.

முதல் படி: அது எறும்புதானா?

கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் எறும்பைப் போல வேடம் போடும் உயிர்கள் ஏராளம். எறும்பைத் தின்ன விரும்பும் பிராணிகள் குறைவு என்பதால் அந்த வேடம் பிழைக்க உதவுகிறது.

மரத்தில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது இருக்கும் மரத்திலேயே, அதே செந்நிறத்தில், அதே நடையில் ஒரு குதிக்கும் சிலந்தி வாழ்கிறது. முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டும். கால்களை எண்ணினால் எட்டு. விரலால் சீண்டினால் நூல் விட்டுத் தொங்கும். எந்த எறும்பும் அப்படிச் செய்வதில்லை. அவரைப் பந்தலிலும் தட்டைப்பயற்றுச் செடியிலும் கறுப்பாக ஓடும் சில "எறும்புகள்" உண்மையில் காயின் சாற்றை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியின் குஞ்சுகள். தலையின் அடியில் பாருங்கள்: தாடை இருக்காது, மடித்து வைத்த ஊசிபோன்ற குழல் இருக்கும். தரையில் அவசரமாக ஓடும், வெல்வெட் போர்த்திய பெரிய "எறும்பு" ஒன்று உண்டு. அது இறக்கையில்லாத பெண் குளவி. அதைத் தொட வேண்டாம்.

மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றுபவற்றில்தான் குழப்பம் அதிகம். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், உணர்கொம்பு மணி கோத்ததுபோல் நேராக இருக்கும், இடுப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. அது கறையான் வகை. எறும்புக்கு முன்னிறக்கை நீளம், பின்னிறக்கை குட்டை, இடுப்பு ஒடுங்கியிருக்கும். இறக்கை முளைத்த எறும்பு கிடைத்தால் அதை வைத்து இனம் காண முயல வேண்டாம். ராணிகளும் ஆண்களும் வேலைக்கார எறும்புகளோடு ஒத்துப்போகாத உருவம் கொண்டவை. கையேடுகள் எல்லாம் வேலைக்காரிகளை வைத்தே எழுதப்பட்டவை.

உறுதிப்படுத்த இரண்டே அடையாளங்கள் போதும். உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்க வேண்டும்: தலையிலிருந்து ஒரு நீண்ட தண்டு, பிறகு மடிப்பு, பிறகு சிறு கணுக்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே மெலிந்த இடுப்பும், அதில் ஒன்றோ இரண்டோ புடைப்பான கணுவும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் எறும்பு.

இரண்டாம் படி: தொடுவதற்கு முன் பாருங்கள்

பிடித்துவிட்டால் நடத்தை போய்விடும், உடல்தான் மிஞ்சும். நடத்தையோ சில சமயம் உடலைவிடத் தெளிவாகப் பேசும். எனவே கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

வரிசையாகப் போகிறதா, ஒற்றையாகவா? வரிசை என்றால் நேர்கோடா, சிதறலா? வால்பக்கத்தைத் தேள்போல் முதுகுக்கு மேல் தூக்குகிறதா? அப்படியென்றால் அது பெரும்பாலும் கிரமேட்டோகாஸ்டர். பிடித்துப் பார்த்தால் வயிறு மேலிருந்து இதய வடிவில் தெரியும். வரிசையில் நிற்காமல் இப்படியும் அப்படியும் வெட்டிவெட்டி ஓடுகிறதா? கிறுக்கு எறும்பு என்று அழைக்கப்படும் இரண்டு வகைகளில் ஒன்று. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம். முன்னால் ஓர் எறும்பு நடக்க, பின்னால் வருவது அதன் முதுகைத் தொட்டுத் தொட்டே தொடர்கிறதா? இந்த ஜோடி நடை டையகாமாவுக்கும், பொன்னிற வயிறு கொண்ட காம்போனோட்டஸ் செரிசியஸ் எறும்புக்கும் உண்டு. கறையான் புற்றை நோக்கிப் பளபளப்பான கறுப்பு எறும்புகள் இராணுவ அணிவகுப்பாகப் போகின்றனவா? லெப்டோஜெனிஸ் பேரினம், திரும்பி வரும்போது ஒவ்வொன்றின் வாயிலும் கறையான் இருக்கும். கறையான் தொல்லை உள்ள வீட்டுக்காரர் இதைக் கொல்வதைப் போன்ற அசட்டுத்தனம் இல்லை.

கூட்டின் வாசலையும் தேடிப் பாருங்கள். சுற்றிலும் புல்விதைகளின் உமி குவிந்திருந்தால் விதை சேர்க்கும் எறும்பு. மரத்தடியில் மண்ணை வளையமாகக் கொட்டி அகலமான குழி வைத்திருந்து, எறும்பு வயிற்றைக் கீழ்நோக்கி மடக்கிக்கொண்டு நடந்தால் மிர்மிகேரியா. மண்ணால் கட்டிய வாசலில் பறவையின் சிறகுத் துண்டு, சருகு, செத்த எறும்புகளின் உடல் எல்லாம் செருகப்பட்டிருந்தால் டையகாமா. இந்த அலங்காரத்தைப் பார்த்த பிறகு வேறெதையும் சோதிக்கவே வேண்டாம். இந்தக் கூட்டுக்குள் ராணி என்று தனி உருவமே கிடையாது. இனச்சேர்க்கை முடித்த ஒரு வேலைக்காரியே முட்டையிடுகிறாள்.

உணவு விருப்பமும் ஒரு தடயம். ஓர் அட்டையில் வெல்லத் துணுக்கு, பொரித்த கருவாட்டுத் துண்டு, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் மூன்றையும் விலக்கி வைத்து, எது முதலில் மொய்க்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இது இனத்தைச் சொல்லாது. ஆனால் பிறகு கட்டுப்படுத்த நினைத்தால் எதில் மருந்து கலக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

மூன்றாம் படி: அளவும், அளவில் உள்ள வேறுபாடும்

"சின்ன எறும்பு" என்ற விவரிப்பு யாருக்கும் உதவாது. எறும்பு ஓடும் தடத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வைத்துவிடுங்கள். முதலில் சுற்றிப் போகும், கொஞ்ச நேரத்தில் மேலே ஏறி ஓடும். அப்போது எடுத்த படத்திலிருந்து மில்லிமீட்டர் கணக்கு கிடைத்துவிடும். கால், உணர்கொம்பு சேர்க்காமல் தாடை முனையிலிருந்து வயிற்று நுனி வரை அளவு.

ஓர் எறும்பின் நீளத்தைவிட முக்கியமானது, ஒரே வரிசையில் வரும் எறும்புகள் எல்லாம் ஒரே அளவா என்பது. மூன்று விதங்கள் உண்டு. அச்சில் வார்த்ததுபோல் எல்லாம் ஒன்று: பின்னால் வரப்போகும் பாரோ எறும்பு, பேய் எறும்பு, இரண்டு கிறுக்கு எறும்புகள் எல்லாம் இப்படி. சின்னதும் பெரியதுமாக இரண்டே அளவு, பெரியதற்குத் தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பருமன்: ஃபைடோல். சிறியதிலிருந்து பெரியதுவரை படிப்படியாக எல்லா அளவும்: கட்டெறும்பு, நெருப்பெறும்பு, மின்கம்பி கடிக்கும் டிரைக்கோமிர்மெக்ஸ். ஆகவே ஒன்றை மட்டும் பிடித்துவிட்டு வரிசையை மறந்துவிடாதீர்கள். இருப்பதிலேயே பெரியது, சிறியது இரண்டும் வேண்டும்.

நான்காம் படி: படம் எடுக்கும் முறை

செல்போனில் எடுத்த மங்கலான மேற்பார்வைப் படத்தை அனுப்பி "இது என்ன எறும்பு?" என்று கேட்பது பல் மருத்துவரிடம் உச்சந்தலையைக் காட்டுவதற்குச் சமம். தேவையானது மூன்று கோணங்கள். பக்கவாட்டு: இதுதான் முதன்மையானது, இடுப்புக் கணு இதில்தான் தெரியும். நேர்முகம்: தலையின் வடிவம், தாடை, கண், உணர்கொம்பு தொடங்கும் இடம். மேலிருந்து: மார்பின் அகலம், முட்கள், வயிற்றின் வடிவம்.

ஓடும் எறும்பை நிற்க வைக்கச் சர்க்கரைத் தண்ணீர் ஒரு துளி போதும். வெள்ளைத் தாளில் துளியை வைத்தால் குடிக்கும் நேரம் அசையாது நிற்கும். துளியின் பக்கவாட்டில் செல்போனைத் தாளோடு தாளாகச் சாய்த்துப் பிடியுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து விழ வேண்டும். ஃபிளாஷ் போட்டால் பளபளப்பான உடம்பில் வெள்ளைப் பொட்டு விழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். செல்போனில் கவ்வும் குட்டி மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டால் மூன்று மில்லிமீட்டர் எறும்புகூடக் கண்ணுக்கு எட்டும். நகைக்கடைக்காரர்கள் வைரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் அதைவிட நல்லது. அதை செல்போனின் கண்ணுக்கு முன்னால் பிடித்தும் படம் எடுக்கலாம்.

அப்படியும் நிற்காவிட்டால் சிறிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் சில நிமிடம் வைக்கலாம். உறைபெட்டியில் அல்ல. வெளியே எடுத்ததும் கொஞ்ச நேரம் மந்தமாக நிற்கும், பிறகு தானாகத் தெளிந்து ஓடிவிடும். செத்த எறும்பு என்றால் நிறமற்ற கைச் சுத்திகரிப்புக் கூழ் ஒரு துளியில் அமிழ்த்தி, ஊசி முனையால் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள். கூழ் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: இடுப்பு

எல்லாம் இங்கேதான் பிரிகிறது. பக்கவாட்டுப் படத்தில் மார்பு முடியும் இடத்துக்கும் வயிறு பருத்துத் தொடங்கும் இடத்துக்கும் நடுவே பாருங்கள். புடைப்பு ஒன்றா, இரண்டா?

இரண்டு என்றால் பெரும்பாலும் மிர்மிசினே என்ற துணைக்குடும்பம் (பல பேரினங்கள் சேர்ந்த பெரிய பிரிவு). நெருப்பெறும்பு, பாரோ எறும்பு, ஃபைடோல், கிரமேட்டோகாஸ்டர் எல்லாம் இதில் அடக்கம். இரட்டைக் கணுவுள்ள இன்னொரு கூட்டம் டெட்ராபோனெரா: குச்சிபோல் ஒல்லியான உடல், பெரிய கண், மரத்தில் வாசம். இதில் தலையும் வயிறும் கறுத்து நடுவில் மார்பு மட்டும் செம்பழுப்பாக இருக்கும் டெட்ராபோனெரா ரூஃபோநைக்ராவை ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம். துணி காயப்போட்ட கொடியிலும் பட்டுப்போன மரத்திலும் திரியும். அதன் கொடுக்கின் விஷத்தால் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்ட சம்பவங்கள் இலங்கையிலும் தாய்லாந்திலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. குத்துப்பட்ட பிறகு உடம்பெங்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் இவற்றில் எது வந்தாலும் இனத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஒற்றைக் கணு என்றால் இன்னொரு கேள்வி: வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே நாடாவால் இறுக்கியதுபோல் ஒடுக்கம் தெரிகிறதா? தெரிந்தால் போனெரினே துணைக்குடும்பம். கொடுக்கு உண்டு, கையில் எடுக்காதீர்கள். டையகாமா இதில்தான் வரும்: உடம்பெங்கும் கைரேகை போன்ற வரிகள், இடுப்புக் கணுவின் மேல் இரண்டு முள். இதே துணைக்குடும்பத்தில்தான் தென்னிந்தியாவின் விசித்திரமான எறும்பு ஒன்றும் இருக்கிறது, ஹார்பெக்நேத்தஸ் சால்டேட்டர். மேல்நோக்கி வளைந்த நீண்ட தாடை, முன்பக்கம் பிதுங்கும் பெரிய கண், தவளைப் பாய்ச்சலாகக் குதித்து இரை பிடிக்கும் பழக்கம். சென்னை இராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1851இல் இதற்குப் பெயரிட்டார்.

ஒடுக்கம் இல்லாமல் வயிறு வழவழவென்று ஒரே ஓட்டமாக இருந்தால் கொடுக்கு இல்லாத இரண்டு துணைக்குடும்பங்கள் மிஞ்சும். வயிற்றின் நுனியில் வட்டத் துளையும் சுற்றிலும் மயிர் விளிம்பும் இருந்தால் ஃபார்மிசினே. துளையாக இல்லாமல் குறுக்குக் கீறலாக இருந்தால் டோலிகோடெரினே. லென்ஸ் இல்லாதவர்கள் மூக்கை நம்பலாம். ஒன்றை நசுக்கி முகர்ந்தால் முதல் வகை காரமான புளிப்பு நெடி, ஃபார்மிக் அமிலம். இரண்டாவதில் பேய் எறும்பு போன்றவை ஊசிப்போன தேங்காய் வாடை வீசும்.

ஒரு எச்சரிக்கை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கணுவே தெரியாத எறும்பும் உண்டு. அது படத்தின் குறையல்ல. பேய் எறும்பான டாபினோமா மெலனோசெஃபாலத்தின் கணு தட்டையாகப் படுத்திருக்கும், வயிறு அதன்மேல் கவிந்து மூடிவிடும். ஒன்றரை மில்லிமீட்டர் நீளம், தலையும் மார்பும் கருமை, வயிறும் கால்களும் கண்ணாடி போன்ற வெளுப்பு. வெள்ளை டைல்ஸில் ஓடினால் தலை மட்டும் நகர்வதுபோல் தெரியும். "கணு காணோம்" என்பதே இதற்கு அடையாளம்.

ஆறாம் படி: உணர்கொம்பும் முட்களும்

துணைக்குடும்பம் தெரிந்த பிறகு பேரினத்துக்கு இறங்க இந்த இரண்டும் தேவை. ஒரு ஜோடியை மட்டும் எடுத்துக் காட்டினால் முறை புரிந்துவிடும், ஏனென்றால் நம் ஊரில் மிக அதிகமாக மாற்றிச் சொல்லப்படும் ஜோடி இதுதான்: நெருப்பெறும்பும் ஃபைடோலும்.

இரண்டும் தரையில், செங்கல் இடுக்கில், வரப்பில் கூடு கட்டும். இரண்டுமே பழுப்பு, செம்பழுப்பு நிறங்களில் வரும். இரண்டிலும் பெரிய தலைக்காரிகள் உண்டு. நிறத்தை வைத்துப் பிரிக்க முயன்றால் தோல்விதான். உணர்கொம்பின் நுனிக்குப் போங்கள். நெருப்பெறும்புக்கு மொத்தம் பத்துக் கணுக்கள்; கடைசி இரண்டு மட்டும் பருத்து ஒரு குமிழாக இருக்கும். ஃபைடோலுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு, பருத்தவை மூன்று. பிறகு பக்கவாட்டில் மார்பு பின்னோக்கிச் சரியும் இடத்தைப் பாருங்கள். ஃபைடோலுக்கு அங்கே ஒரு ஜோடி சிறு முள் நிற்கும். நெருப்பெறும்புக்கு அந்த இடம் மொழுமொழுவென்று இருக்கும். கொட்டிய இடத்தில் மறுநாள் சீழ்க்கொப்புளம் கிளம்பினால் சந்தேகமே இல்லை, நெருப்பெறும்பு.

நாம் தலைமுறை தலைமுறையாகத் திட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சோலெனாப்சிஸ் ஜெமினேட்டா நம் நாட்டு எறும்பே அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 16ஆம் நூற்றாண்டில் ஓடத் தொடங்கிய ஸ்பானியக் கப்பல்கள் ஆடாமல் நிற்க அடியில் ஏற்றிய மண்ணோடு ஆசியாவுக்குள் நுழைந்ததை மரபணு ஆய்வு காட்டுகிறது. மிளகாயைப் போலவே வந்து, மிளகாயைப் போலவே ஊர்க்காரனாகிவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மார்பிலும் இடுப்பிலும் கொக்கிபோன்ற முட்கள், ஒற்றைக் கணு: பாலிரேக்கிஸ். முள் கிடையாது, மார்பின் முதுகு முன்னிருந்து பின்வரை ஒரே வில்லாக வளைந்து போகிறது: காம்போனோட்டஸ், அதாவது கட்டெறும்புக் கூட்டம். மார்பின் மேல் கேடயம்போல் ஒரு தகடு, உடம்பெல்லாம் மயிர், தொட்டால் சுருண்டு செத்ததுபோல் கிடக்கும் நடிப்பு: மெரனோப்ளஸ்.

சமையலறைச் சந்தேக நபர்கள்

வீட்டுக்குள் வந்த பொடி எறும்பு என்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை. நான்கைந்து பேரைத்தான் விசாரிக்க வேண்டும்.

இரண்டு மில்லிமீட்டர், மஞ்சள், வயிற்று நுனி மட்டும் கருமை, இரட்டைக் கணு, எல்லாம் ஒரே அளவு: பாரோ எறும்பு. மருத்துவமனைகளில் கட்டுத்துணிக்குள்ளும் நுழையும் என்பதால் உலகெங்கும் பேர்போனது. அதே மஞ்சள், ஆனால் அளவு மாறி மாறி வருகிறது, வயிறு முழுதும் கருமை, சுவிட்சுப் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்றால் டிரைக்கோமிர்மெக்ஸ் டெஸ்ட்ரக்டர். மின்கம்பியின் உறையையும் கடித்து வைக்கும், அலட்சியப்படுத்தாதீர்கள். தலை கறுத்து வயிறு வெளுத்தது பேய் எறும்பு. கரும்பழுப்பு, மூன்று மில்லிமீட்டருக்குள், உடம்பைவிட நீளமாகத் தெரியும் கால்கள், முதுகில் விறைத்த வெள்ளை மயிர், திசையில்லா ஓட்டம்: பாராட்ரெச்சினா லாங்கிகார்னிஸ், கறுப்புக் கிறுக்கு எறும்பு. நம் வீடுகளில் சாமி எறும்பு என்ற பட்டம் பெரும்பாலும் இதற்குத்தான் போகிறது, நியாயமான பட்டமும்கூட.

பெயரைக் கண்டுபிடிப்பதால் ஆகப்போவது என்ன என்று கேட்பவர்களுக்குப் பாரோ எறும்பே பதில். அதன்மேல் பூச்சிமருந்து தெளித்தால் கூட்டம் அழியாது, பிரியும். ஒரு கூட்டிலிருந்து ராணியும் சில வேலைக்காரிகளும் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குக் குடிபோகும், ஒன்று பலவாகும். அதற்குத் தெளிப்பான் கூடாது. மெதுவாக வேலை செய்யும் மருந்து கலந்த இரைதான் வேண்டும், அதை அவையே சுமந்து போய் ராணிக்கு ஊட்ட வேண்டும். கட்டெறும்புக்கோ வீட்டுக்குள் வேலையே இல்லை. செடியில் அசுவினியும் மாவுப்பூச்சியும் கசியவிடும் தேன்துளிக்காக வருகிறது. செடியைக் கழுவினால் எறும்பு தானே விலகும். எறும்புச் சாக்பீஸால் எல்லா எறும்புக்கும் ஒரே கோடு போடும் வழக்கம் எனக்கு உவப்பானதல்ல. குழந்தை தவழும் தரையில் அந்தக் கோடு போடுவது எறும்பைவிடப் பெரிய ஆபத்து.

ஒரு மாதிரி விசாரணை

முழு முறையையும் ஓர் எறும்பில் ஓட்டிப் பார்ப்போம். பூந்தொட்டியை நகர்த்தியதும் அடியிலிருந்து நூற்றுக்கணக்கில் மஞ்சள்பழுப்பு எறும்புகள் சிதறி ஓடுகின்றன. சில வெண்ணிறக் கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன.

உணர்கொம்பு முழங்கை மடிப்பு, இடுப்பு உண்டு: எறும்பு. நடத்தை: வரிசையில்லை, வெட்டிவெட்டி ஓட்டம். அளவு: நான்கிலிருந்து ஐந்து மில்லிமீட்டர், எல்லாம் ஒன்று. இந்த இடத்திலேயே நெருப்பெறும்பும் ஃபைடோலும் கழன்றுவிட்டன. இடுப்பு: ஒற்றைக் கணு. வயிற்றில் ஒடுக்கம் இல்லை. நசுக்கினால் புளிப்பு நெடி: ஃபார்மிசினே. இனி எஞ்சுவது முசுறா, மஞ்சள் கட்டெறும்பா, கிறுக்கு எறும்பா என்பதே. முசுறு தரையில் தொட்டிக்கடியில் வசிக்காது, அதன் வேலைக்காரிகளில் இரண்டு அளவு உண்டு, வயிற்றைத் தூக்கிச் சண்டைக்கு நிற்கும். கட்டெறும்புக் கூட்டத்தில் அளவு மாறி மாறி வரும். நேர்முகப் படத்தில் உணர்கொம்பின் முதல் தண்டை அளக்கிறோம்: தலையின் நீளத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கணுக்களை எண்ணினால் பதினொன்று. கறுப்புக் கிறுக்கு எறும்புக்குப் பன்னிரண்டு. முடிந்தது. அனாப்லோலெபிஸ் கிராசிலிபெஸ், மஞ்சள் கிறுக்கு எறும்பு.

இது கொட்டாது. வயிற்று நுனியிலிருந்து அமிலம் பீய்ச்சும். கண்ணில் பட்டால் எரியும். உலகின் மிக மோசமான நூறு ஊடுருவி உயிரினங்களின் சர்வதேசப் பட்டியலில் இடம்பெற்றது. இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. அங்கே எறும்புக்குத் தேன்துளி தரும் செதில்பூச்சியை ஒழிக்க 2016இல் மலேசியாவிலிருந்து ஒரு நுண்குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் பக்கத்தில் 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் பெருகி, வயலில் நிற்க முடியவில்லை, மாடுகளின் கண்களைப் பாதிக்கிறது என்று விவசாயிகள் முறையிடும் அளவுக்குப் போனது. உங்கள் தொட்டிக்கடியில் ஒரு கூடு இருப்பது பெரிய செய்தியல்ல; இது நம் ஊர்களில் வெகுகாலமாகப் பரவிக் கிடக்கிறது. மரம், தரை, சுவர் எல்லா இடமும் இதுவாகவே இருந்து, மற்ற எறும்புகள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றால் அது சொல்ல வேண்டிய செய்தி. வேளாண்மைத் துறை அலுவலகத்துக்குப் படத்தோடு தெரிவியுங்கள்.

கடைசிப் படி: எங்கே நிறுத்துவது, யாரிடம் காட்டுவது

காம்போனோட்டஸ் வரை வந்துவிட்டு இனம் பிடிபடவில்லை என்றால் காம்போனோட்டஸ் என்றே எழுதி நிறுத்துங்கள். தவறான முழுப்பெயரைவிடச் சரியான அரைப்பெயர் பயனுள்ளது. ஃபைடோல், கிரமேட்டோகாஸ்டர் பேரினங்களின் இனங்களை நிபுணர்களே நுண்ணோக்கி இல்லாமல் பிரிக்கத் தயங்குவார்கள். செல்போன் செயலிகள் சொல்லும் பெயரைச் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். அவை நிறத்திலும் மொத்த உருவத்திலும் மயங்குபவை, கணு எண்ணத் தெரியாதவை. செயலி சொன்ன பெயரை ஐந்தாம், ஆறாம் படிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் மட்டும் ஏற்கலாம்.

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் மூன்று கோணப் படங்களையும் ஏற்றினால் எறும்பறிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். ஆன்ட்விக்கி, ஆன்ட்வெப் தளங்களில் அருங்காட்சியக மாதிரிகளின் பெரிதாக்கிய படங்கள் இதே மூன்று கோணங்களில் இருப்பதால் அருகருகே வைத்து ஒப்பிடலாம். இந்திய எறும்புகளுக்குப் பூச்சியியலாளர் பிங்காம் 1903இல் எழுதிய தொகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெயர்கள் பல மாறிவிட்டன, வருணனைகள் இன்னும் பயன்படுகின்றன. பதப்படுத்திய மாதிரிகளை நேரில் பார்க்க விரும்புபவர்கள் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

மாதிரியைப் பத்திரப்படுத்துவதானால் சிறு கண்ணாடிக் குப்பியில் 70 சதவீத ஆல்கஹால் ஊற்றி, பெரியதும் சிறியதுமாக ஐந்தாறு எறும்புகளைப் போடுங்கள். ஊர், தேதி, எங்கே கிடைத்தது (தரை, மரம், சுவர், கல்லுக்கடி), என்ன செய்துகொண்டிருந்தது, இவற்றைச் சிறு தாளில் எழுதிக் குப்பியின் உள்ளேயே போட்டுவிட வேண்டும். வெளியே ஒட்டிய தாள் ஒருநாள் உரிந்துவிடும். எழுதுவது பென்சிலால் இருக்கட்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.